குளிர்காலமும் பெட்ரோலும்: மோட்டார் சைக்கிள் எரிபொருள் சேர்பொருள்களின் வரலாறு

எரிபொருள் சேர்பொருள் என்பது பெட்ரோலின் இயல்பை மாற்றுவதற்கோ காப்பதற்கோ அதனுடன் மிகச் சிறிய அளவில் கலக்கப்படும் வேதிப்பொருள் ஆகும். சில சேர்பொருள்கள் எண்ணெய் நிறுவனத்திலேயே கலக்கப்படுகின்றன. வேறு சிலவற்றை வண்டி உரிமையாளர் குப்பியில் வாங்கித் தொட்டியில் ஊற்றுகிறார். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை இவை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுகின்றன: எரிபொருள் செல்லும் வழியில் படிந்த கசடைக் கழுவுதல், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் பெட்ரோல் கெடாமல் காத்தல். இவற்றின் வரலாறு பெட்ரோலின் வரலாற்றோடு பிணைந்தது. பெட்ரோல் தயாரிப்பில் ஏற்பட்ட ஒவ்வொரு மாற்றமும் ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றை உண்டாக்கியது. அந்தப் புதிய சிக்கலுக்கு விடையாகவே பெரும்பாலும் அடுத்த சேர்பொருள் வந்தது.

பனிநாடுகளில் உறங்கும் வண்டிகள்

கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றில் பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அரிது. சாலையில் பனி உறைந்திருக்கும். அதை உருக்கத் தூவப்படும் உப்பு வண்டியின் இரும்பை அரிக்கும். எனவே இலையுதிர் காலத்தின் இறுதியில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, வசந்தத்தில் வெளியே எடுப்பது அங்கே வழக்கமாயிற்று. ஜெர்மனியில் இவ்வழக்கத்துக்குச் சட்ட வடிவமே உண்டு. 1997ஆம் ஆண்டு அங்கே பருவகாலப் பதிவெண் பலகை அறிமுகமானது. இதன்படி உரிமையாளர் ஆண்டில் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் வரியும் காப்பீடும் செலுத்தலாம். மற்ற மாதங்களில் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டவோ நிறுத்தவோ கூடாது.

இப்படி 4 முதல் 6 மாதங்கள் நிற்கும் வண்டியில் மின்கலம், டயர், எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றோடு கவனிக்கப்பட வேண்டியது பெட்ரோல். காரைவிட மோட்டார் சைக்கிளில் இது கடுமையான சிக்கல். அதன் தொட்டி சிறியது. காற்றோட்டத் துளை வழியே வெளிக்காற்றோடு தொடர்புடையது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தங்குவதோ சில மேசைக்கரண்டி அளவு பெட்ரோல்தான். அது விரைவில் ஆவியாகிக் கசடை மட்டும் விட்டுச் செல்கிறது.

பெட்ரோல் கெடும் விதம்

பெட்ரோல் ஒரே பொருள் அன்று. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அது இரண்டு வழிகளில் கெடுகிறது. முதலாவது ஆவியாதல். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் இலகுவான பகுதிகளே முதலில் பறந்துவிடுகின்றன. எஞ்சியிருக்கும் கனமான பகுதி குளிரில் எளிதில் தீப்பற்றுவதில்லை. குளிர்காலப் பெட்ரோலில் ஆவியாகும் தன்மையைக் கூட்டப் பியூட்டேன் அதிகம் சேர்க்கப்படுவதால், அது சேமிப்பில் இழப்பதும் அதிகம்.

இரண்டாவது ஆக்சிஜனேற்றம். இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒலிஃபின் வகை மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்து பிசின் போன்ற பொருளாக மாறுகின்றன. ஆவியாகும் பெட்ரோல் இப்பிசினைப் பழுப்பு நிற வார்னிஷ் போல உலோகத்தின் மேல் விட்டுச் செல்கிறது. செம்பு இவ்வினையைத் தூண்டுகிறது. கார்புரேட்டரின் ஜெட்டுகள் பித்தளையால் ஆனவை. பித்தளையிலோ செம்பு உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை பல வண்டிகளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க மெல்லிய படலம் போதும்.

மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் இச்சிக்கல் பெரிதாக இல்லை. அப்போதைய பெட்ரோல் கச்சா எண்ணெயிலிருந்து நேரடியாக வடிக்கப்பட்டது. அதில் ஒலிஃபின்கள் குறைவு. வண்டிகள் பெருகியதும் வடித்து எடுத்த பெட்ரோல் போதவில்லை. இந்தியானா ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் வில்லியம் பர்ட்டன், கனமான எண்ணெயை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிளந்து பெட்ரோலாக்கும் முறைக்கு 1913இல் காப்புரிமை பெற்றார். ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோலின் அளவை இது பெரிதும் கூட்டியது. ஆனால் பிளக்கப்பட்ட பெட்ரோலில் ஒலிஃபின்கள் மிகுதி. அது சேமிப்பில் மஞ்சளாகி, நாற்றமெடுத்து, பிசின் கட்டியது.

ஈயம் தந்த பாடம்

பெட்ரோலில் பெருமளவில் கலக்கப்பட்ட முதல் புகழ்பெற்ற சேர்பொருள் கழுவுவதற்கோ காப்பதற்கோ உரியது அன்று. எஞ்சினின் 'தட்டல்' ஓசையை நிறுத்த, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயத்தைக் கண்டறிந்தார். 1923இல் ஒகாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. 1924இல் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இப்பொருளைக் கையாண்ட 5 தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்தனர். ஆயினும் விற்பனை தொடர்ந்தது. ஈயம் எஞ்சினுக்குள்ளேயே படிந்ததால், அதை வெளியேற்ற எத்திலீன் டைபுரோமைடு என்ற இன்னொரு சேர்பொருள் தேவைப்பட்டது.

ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுதும் நிறுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் கைவிட்டது. ஒரு சேர்பொருள் எஞ்சினுக்கு நன்மை செய்கிறது என்பதாலேயே அது நல்லது ஆகிவிடாது என்பதை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கால அனுபவம் காட்டியது.

பிசினைத் தடுத்த வேதியியல்

பிளக்கப்பட்ட பெட்ரோலின் பிசின் சிக்கலுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் விடையாயின. பினைலீன்டையமின் வகைகளும் பருமனான பீனால் வகைகளும் இவற்றில் முதன்மையானவை. ஆக்சிஜனேற்றம் ஒரு தொடர்வினை. ஒரு மூலக்கூறு கெட்டால் அது அடுத்ததைக் கெடுக்கும். தடுப்பான் அச்சங்கிலியின் நடுவே புகுந்து தன்னை இழந்து வினையை நிறுத்துகிறது. செம்பு அயனிகளைப் பிடித்து வைக்கும் உலோகச் செயல்நீக்கிகளும் சேர்க்கப்பட்டன.

இம்முறையின் எல்லையும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தடுப்பான் தன்னைச் செலவழித்தே பெட்ரோலைக் காக்கிறது. அது தீர்ந்ததும் பிசின் உருவாவது தொடங்குகிறது. முன்பே உருவான பிசினை அது கரைக்காது. கடைகளில் குப்பியில் விற்கப்படும் 'நிலைப்படுத்தி'களின் அடிப்படையும் இதுவே. ஸ்டா-பில் என்ற அமெரிக்க நிலைப்படுத்தியின் வழக்கமான அளவு சுமார் 9.5 லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி. புதிய பெட்ரோலில் கலந்தால் மட்டுமே இது பயன்தரும். வசந்தத்தில் பழைய பெட்ரோலில் ஊற்றுவதால் கெட்டது திரும்பி வராது.

கழுவும் பெட்ரோல்

1950களில் எண்ணெய் நிறுவனங்களின் போட்டி புதிய திசையில் திரும்பியது. கலிபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில், பின்னாளில் செவ்ரான் எனப்பட்ட நிறுவனம், 1954இல் கார்புரேட்டரைக் கழுவும் சேர்பொருள் கொண்ட பெட்ரோலை அறிமுகப்படுத்தியது. 1960களின் தொடக்கத்தில் காற்று மாசைக் குறைக்க, எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் புகையை மீண்டும் உள்ளிழுக்கும் அமைப்பு அமெரிக்கக் கார்களில் பொருத்தப்பட்டது. இதனால் காற்று தூய்மையானது, கார்புரேட்டர் அழுக்கானது. கழுவும் சேர்பொருளின் தேவை மேலும் கூடியது.

இச்சேர்பொருள்கள் சோப்பைப் போன்ற அமைப்புடையவை. மூலக்கூறின் ஒரு முனையிலுள்ள அமின் பகுதி கசடையும் உலோகத்தையும் பற்றுகிறது. நீண்ட வால் பகுதி பெட்ரோலில் கரைந்து கசடை இழுத்துச் செல்கிறது. செவ்ரான் 1970இல் எஃப்-310 என்ற பாலிபியூட்டீன் அமினை வெளியிட்டது. அதன் விளம்பரத்தில் முன்னாள் விண்வெளி வீரர் ஸ்காட் கார்பெண்டர் தோன்றினார். வண்டிப்புகை நிரம்பிக் கருத்த பலூனும், இச்சேர்பொருளைப் பயன்படுத்திய பின் தெளிவாக நின்ற பலூனும் காட்டப்பட்டன. பார்ப்பவர்களைத் தவறாக எண்ணவைக்கும் விளம்பரம் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வழக்கு 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. விளம்பரம் குறித்த ஆணையத்தின் முடிவை ஏற்ற நீதிமன்றம், அதன் ஆணையின் பரப்பை மட்டும் குறைத்தது. சேர்பொருள் வேலை செய்வது வேறு, விளம்பரம் சொல்லும் அளவுக்கு வேலை செய்வது வேறு என்பதற்கு இவ்வழக்கு நல்ல சான்று.

1980களில் பாலிஈத்தர் அமின் வகை வந்தது. முந்தைய வகைகளைவிட இது அதிக வெப்பத்தைத் தாங்கி எரியறை வரை செயல்படக்கூடியது. 1995 முதல் அமெரிக்காவில் எல்லாப் பெட்ரோலிலும் கழுவும் சேர்பொருள் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் கேட்ட அளவு போதாது என்று கருதிய பி.எம்.டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004இல் 'டாப் டியர்' என்ற உயர்தர அளவுகோலை உருவாக்கின.

நான்கு கார்புரேட்டர்களின் காலம்

ஹோண்டா 1969இல் வெளியிட்ட சிபி750 மோட்டார் சைக்கிளில் 4 சிலிண்டர்களும் 4 கார்புரேட்டர்களும் இருந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளில் இவ்வமைப்பு பெரிய வண்டிகளில் பரவலாயிற்று. ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது அரை நாள் வேலை. நான்கைக் கழற்றி, ஜெட்டுகளைத் தூய்மைப்படுத்தி, மீண்டும் பொருத்தி, நான்கும் ஒரே அளவில் காற்றிழுக்குமாறு சரிசெய்வது செலவும் பொறுமையும் வேண்டும் வேலை. குப்பியில் விற்கும் கழுவும் திரவத்துக்கு மோட்டார் சைக்கிள்காரர்களிடம் வரவேற்பு கிடைத்ததற்கு இது முக்கியக் காரணம்.

இவ்வகைத் திரவங்களில் சில படகுகளிலிருந்து வந்தவை. படகின் வெளிப்புற மோட்டாரும் ஆண்டில் பாதி நாள் ஓடாமல் நிற்பது. சீ ஃபோம் என்ற அமெரிக்கத் திரவம் அத்தகைய மோட்டார்களில் சேரும் பிசினுக்காக உருவாக்கப்பட்டது. இலகுவான எண்ணெய், நாப்தா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவை அதில் உள்ளன. நாப்தாவும் ஆல்கஹாலும் மென்மையான படிவைக் கரைக்க உதவும். எண்ணெய் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகத் தங்கும்.

இங்கே ஓர் இயற்பியல் தடை உண்டு. கழுவும் திரவம் பெட்ரோலோடு கலந்து பெட்ரோல் ஓடும் வழியில்தான் ஓடும். பாதி அடைபட்ட ஜெட்டின் வழியே அது சென்று படிவைச் சிறிது சிறிதாகக் கரைக்க முடியும். முழுதும் அடைபட்ட ஜெட்டில் ஓட்டமே இல்லை. ஆகவே திரவம் அங்கே அரிதாகவே வேலை செய்யும். அத்தகைய வண்டிக்குக் கழற்றிக் கழுவுவதே வழி. தொட்டியிலுள்ள துருவையும் எந்தக் குப்பியும் கரைத்துவிடாது. தளர்ந்த துரு வடிகட்டியை அடைக்கவே செய்யும்.

பனிக்கட்டியும் ஆல்கஹாலும்

குளிர்நாட்டுச் சிக்கல்களில் மற்றொன்று நீர். தொட்டியின் காலியிடத்திலுள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து துளிகளாகி அடியில் சேர்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலில் நீர் ஏறத்தாழ கரையாது. குழாயில் உறைந்து வழியை அடைக்கும். இதற்கு மெத்தனாலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ கலந்தனர். ஆல்கஹால் நீரோடு கலந்து அதன் உறைநிலையைத் தாழ்த்துகிறது. போதுமான அளவில் இருந்தால் நீரைப் பெட்ரோலோடு சேர்த்து எஞ்சினுக்குக் கொண்டு செல்கிறது.

கார்புரேட்டர் உறைதல் வேறொரு நிகழ்வு. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் கார்புரேட்டரின் தொண்டையில் வெப்பநிலை 20° செல்சியஸ் அல்லது அதற்கு மேலும் இறங்கக்கூடும். அதனால் வெளியே நீர் உறையாத வெப்பநிலையிலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், உள்ளே பனிக்கட்டி சேர்ந்துவிடும். ஈரமும் குளிரும் சேர்ந்த பிரிட்டனில் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி திடீரென வலுவிழந்து, சிறிது நேரம் நின்றபின் ஒன்றும் நடவாதது போல் மீண்டும் கிளம்பும். இதைத் தடுக்க உறைவு தடுக்கும் சேர்பொருள்களும், சில வண்டிகளில் கார்புரேட்டரைச் சூடாக்கும் கருவியும் பயன்பட்டன.

எத்தனால் கொண்டுவந்த திருப்பம்

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தமும், 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டமும் எத்தனால் கலப்பைப் பரவலாக்கின. 10 விழுக்காடு எத்தனால் கொண்ட இ10 அங்கே வழக்கமான பெட்ரோல் ஆயிற்று. பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10க்கு மாறியது.

எத்தனால் நீரை ஈர்க்கும். இ10 பெட்ரோல் அறை வெப்பநிலைக்குச் சற்றுக் குறைவான நிலையில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். இந்த எல்லை வரை அது நன்மையே. முன்பு ஆல்கஹால் குப்பி செய்த வேலையை எத்தனாலே செய்துவிடுகிறது. எல்லை தாண்டினாலோ, குளிரால் எல்லையே சுருங்கினாலோ, எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எரிபொருள் எடுக்கும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து அக்டேன் குறைந்துவிடுகிறது. இப்படிப் பிரிந்ததைச் சிறிதளவு சேர்பொருளால் மீட்க முடியாது. தொட்டியைக் காலி செய்ய வேண்டியதுதான். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் சிலவகைப் பிளாஸ்டிக் தொட்டிகளும் எத்தனாலால் வீங்கின.

15 விழுக்காடு எத்தனால் கொண்ட இ15 பெட்ரோலை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதித்தபோது மோட்டார் சைக்கிள்களுக்கு அதைத் தடை செய்தது. ஒரே குழாயில் இரண்டு பெட்ரோலும் வந்தால் முந்தையவர் நிரப்பிய இ15 சிறிது குழாயில் எஞ்சியிருக்கும் அல்லவா? அதன் விளைவைக் குறைக்க, அத்தகைய குழாய்களில் குறைந்தது 4 கேலன், அதாவது சுமார் 15 லிட்டர், வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு 2012இல் வந்தது. பல மோட்டார் சைக்கிள்களின் தொட்டியே அவ்வளவு கொள்ளாது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் எதிர்த்தபின் வேறு வழிகளுக்கு இடமளிக்கப்பட்டது. எரிபொருள் விதிகள் கார்களை மனத்தில் கொண்டே எழுதப்படுகின்றன என்ற இருசக்கர வண்டிக்காரர்களின் குறைக்கு இந்நிகழ்ச்சி வலுச் சேர்த்தது.

சேமிப்பு முறை

இன்றைய வழக்கத்தில் சேமிப்பு இவ்வாறு நடைபெறுகிறது. முதலில் நிலைப்படுத்தியைத் தொட்டியில் ஊற்றி, அதன்மேல் புதிய பெட்ரோலை ஏறத்தாழ முழுதும் நிரப்புவர். தொட்டியில் காற்று குறைந்தால் ஈரமும் துருவும் குறையும். பின்னர் எஞ்சினைத் திறந்த வெளியில் 5 முதல் 10 நிமிடம் ஓடவிடுவர். இதைத் தவிர்த்தால் மருந்து தொட்டியோடு நின்றுவிடும். கெடப்போவது கார்புரேட்டரில் உள்ள பழைய பெட்ரோல். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். கார்புரேட்டர் வண்டியில் இறுதியாகப் பெட்ரோல் டேப்பை மூடி, மிதவைக் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிடுவது நல்லது.

உட்செலுத்தல் அமைப்பு இவ்வழக்கத்தைச் சற்று எளிதாக்கியது. 1980களின் தொடக்கத்தில் கவாசாகி, ஹோண்டா, பி.எம்.டபிள்யூ நிறுவனங்களின் சில வண்டிகளில் தோன்றிய இவ்வமைப்பில் எரிபொருள் மூடிய குழாய்களில் அழுத்தத்தோடு நிற்கிறது. காற்று படுவது குறைவு. வடிக்க மிதவைக் கிண்ணமும் இல்லை. ஆனால் பெட்ரோல் கெட்டால் பழுதாகும் பம்பும் இன்ஜெக்டரும் பித்தளை ஜெட்டைவிடப் பல மடங்கு விலையுள்ளவை.

இந்தியச் சூழல்

இந்தியாவின் பெரும்பகுதியில் குளிர்காலச் சேமிப்பு என்ற வழக்கம் இல்லை. ஆயினும் வெளிநாட்டு வேலைக்குச் சென்றவரின் வண்டி வீட்டில் மாதக்கணக்கில் நிற்பது தமிழ்நாட்டில் அறியாத காட்சி அன்று. இங்கே பகை குளிர் அன்று. வெப்பமும் கடற்கரை ஈரமும். வெப்பம் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும். மழைக்கால ஈரம் எத்தனாலில் சேரும். 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 விழுக்காட்டில் தொடங்கிய எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் கூடக்கூடப் பெட்ரோல் பிரிவதற்குத் தேவையான நீரின் அளவும் கூடும் என்பது ஆறுதல். அதற்கேற்ப வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் உறுப்புகளும் உலோகப் பகுதிகளும் தாங்குமா என்பதே இங்குள்ள கேள்வி. பனிநாட்டுக்கான ஆல்கஹால் குப்பியை ஏற்கெனவே எத்தனால் மிகுந்த இப்பெட்ரோலில் ஊற்றுவதில் பொருளில்லை.

சேர்ப்பதிலிருந்து நீக்குவதற்கு

சுவீடனில் 1980களின் இறுதியில் ஆல்கைலேட் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மரம் அறுக்கும் இயந்திரங்களின் புகையை நாள் முழுதும் சுவாசிக்கும் தொழிலாளர்களின் உடல்நலமே அதன் முதல் நோக்கம். அதில் பென்சீன் போன்ற நச்சுப் பகுதிகளும், பிசினுக்கு மூலமான ஒலிஃபின்களும் மிகக் குறைவு; எத்தனால் இல்லை. இதன் துணைவிளைவாக அது ஆண்டுக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. விலை அதிகம் என்றாலும், குளிர்காலத்துக்கு முன் கடைசியாக நிரப்புவதற்கு மட்டும் இதை வாங்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஐரோப்பாவில் உள்ளனர். பர்ட்டனின் காலம் முதல் பெட்ரோலின் குறையைப் போக்க அதனுடன் ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பதே வழியாக இருந்தது. கெடுவதற்குக் காரணமான பொருளை முதலிலேயே நீக்கிவிடும் இந்தப் பெட்ரோல், சேமிப்புக் குப்பியின் தேவையையே பெருமளவு குறைத்துவிட்டது.